சாவிக்கொத்தும் முக்காற்புள்ளியும்

நான் பி.ஏ. படித்த கல்லூரியில் நூலகம் என்றால் பதினாறு கண்ணாடி பீரோக்கள். எண்ணிக்கை இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம், மூன்று வருஷமும் அவற்றை வெளியே நின்றே பார்த்ததுதான். கண்ணாடிக்குப் பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் புத்தகங்கள். தலைப்பை வாசிக்கக் கழுத்தைச் சாய்க்க வேண்டும். கீழ்த்தட்டு என்றால் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். ஒவ்வொரு பீரோவுக்கும் ஒரு பூட்டு. பதினாறு சாவிகளும் ஒரே வளையத்தில், அட்டெண்டர் அண்ணன் இடுப்பில்.

“எந்தப் புஸ்தகம்னு சொல்லு தம்பி, எடுத்துத் தாரேன்” என்பார்.

எந்தப் புத்தகம் என்று தெரிந்தால் நான் ஏன் அங்கே நின்று முழிக்கப் போகிறேன்?

அவர்மேல் தப்பில்லை என்பது பின்னால்தான் புரிந்தது. வருஷக் கடைசியில் இருப்பு சரிபார்ப்பார்கள். ஒன்று குறைந்தாலும் அவர் பதில் சொல்ல வேண்டும், சில சமயம் சம்பளத்திலும் கை வைப்பார்கள். அப்படிப்பட்ட மனிதருக்குப் புத்தகம் பீரோவை விட்டு இறங்காமல் இருக்கும்வரைதான் தூக்கம் வரும். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் இரண்டாவது பூட்டு ஒன்றும் வாங்கி மாட்டியிருப்பேன்.

1997-ல் எம்.ஃபில். சேரச் சென்னைக்கு வந்தேன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்று பேர் அறை. காலையில் குளித்துவிட்டு வாலாஜா சாலையில் கடலைப் பார்த்து நடந்தால், இடது பக்கம் சென்னைப் பல்கலைக்கழகம். நூலகத்துக்குள் நுழைந்த முதல் நாள், பழக்க தோஷத்தில் கவுண்டரில் போய் நின்றேன். மாடு கட்டி இறைக்கும் கமலைக் கிணறுகளைப் பற்றி ஏதாவது இருக்குமா, யாரிடம் கேட்க வேண்டும் என்றேன். அங்கிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “உள்ள போய் ரேக்ல பாருங்க சார்” என்றார்.

உள்ளே போய் நானே பார்க்கலாம். என்னைச் சார் என்று வேறு சொன்னார். அன்றைக்கு மதியம் சாப்பிடக்கூட வெளியே வரவில்லை.

நான் நின்றுகொண்டிருந்தது எந்த இடம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. உலகத்தில் எங்கே நூலகவியல் படித்தாலும் முதல் செமஸ்டரிலேயே வந்துவிடும் ஐந்து விதிகள் உருவானது இந்த நூலகத்தில்தான். அவற்றை எழுதிய எஸ்.ஆர்.ரங்கநாதன் இங்கே சுமார் இருபது வருஷம் நூலகராக இருந்தவர். இதையெல்லாம் அறைத்தோழன் ஒருவன் சொல்லித் தெரிந்துகொண்டேன். அவன் நூலகவியல் மாணவன். ராத்திரி பரீட்சைக்காக ஐந்து விதிகளையும் வாய்ப்பாடு மாதிரி உரக்கச் சொல்வான். நூல்கள் பயன்பாட்டுக்கே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. நூலகம் வளரும் உயிரி.

முதன்முதலில் கேட்டபோது, இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்றுதான் தோன்றியது. புத்தகம் படிக்கத்தானே, வேறெதற்கு? பிறகு அந்தப் பதினாறு பீரோக்கள் ஞாபகத்துக்கு வந்தன. எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் செய்யாத ஒன்றைத்தான் விதி என்று எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் ரங்கநாதனுக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை. 1892-ல் பிறந்தவர், சீர்காழிக்காரர். பெயருக்கு முன்னால் நிற்கும் ‘எஸ்’ அந்த ஊர்தான், பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘ஷியாலி’. மதராஸ் கிறிஸ்துவக் கல்லூரியில் கணிதம் படித்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகம் 1923-ல் நூலகர் பதவி ஒன்றை உருவாக்கியது. சுமார் 900 பேர் விண்ணப்பித்தார்கள், நூலக வேலையில் பயிற்சி பெற்றவர் ஒருவர்கூட இல்லை. ரங்கநாதனுக்கும் அதில் ஆனா ஆவன்னா தெரியாது. நேர்காணலுக்கு முன்னால் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகங்கள் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனாராம். ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியவர் என்பதால் வேலை கிடைத்தது. 1924 ஜனவரியில் சேர்ந்தார்.

சில வாரங்களிலேயே வெறுத்துவிட்டது. வகுப்பறை நிறைய மாணவர்களோடு பேசிப் பழகிய வாத்தியார், ஆள் நடமாட்டமில்லாத புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்து என்ன செய்வார்? பழைய வேலையையே திருப்பிக் கொடுங்கள் என்று போய் நின்றார். கடைசியில் ஓர் உடன்பாடு. லண்டன் போய் நூலகவியல் படித்துவிட்டு வா, வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் கணித வேலை உனக்குத்தான். போனார். யூனிவர்சிட்டி காலேஜில் படித்தார். பெர்விக் சேயர்ஸ் என்ற ஆசிரியர் கிடைத்தார், கிராய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைவர் அவர். வகுப்பைவிட ஊர் சுற்றியதில்தான் ரங்கநாதனுக்குக் கண் திறந்திருக்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைப் பார்த்தார். தொழிலாளிகளும் பெண்களும் குழந்தைகளும் தாராளமாக உள்ளே வந்து, தாங்களே அடுக்கிலிருந்து எடுத்துப் படிப்பதைப் பார்த்தார். 1925-ல் கப்பலேறித் திரும்பும்போது கப்பலில் இருந்த புத்தகங்களையே தன் புதிய முறைப்படி அடுக்கிப் பார்த்தார் என்கிறார்கள். கணித வேலையைத் திரும்பக் கேட்கவே இல்லை.

அவர் சேர்ந்தபோது பல்கலைக்கழக நூலகத்துக்குச் சொந்த வீடு கிடையாது. பல்கலைக்கழகம் தொடங்கியது 1857-ல். நூலகமோ எழும்பூரில், கன்னிமாரா நூலகத்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்தது. கடற்கரைச் சாலையில் இப்போதிருக்கும் கட்டடத்துக்குக் குடிவந்தது 1936-ல்தான். பக்கத்திலேயே சிஸோம் கட்டிய செனட் ஹவுஸ், வண்ணக் கண்ணாடியும் கோபுரங்களுமாக. கண் அங்கேதான் போகும். நூலகக் கட்டடம் அப்படிக் கூப்பிடாது. ஆனால் சாயங்காலம் நாலு மணிக்குமேல் அங்கே கடற்காற்று வரும். எதிரே விரித்து வைத்த புத்தகத்தின் தாள் தானாகப் புரளும், அதற்கென்றே பையில் ஒரு கூழாங்கல் வைத்திருந்தேன். உப்புக் காற்று தாளுக்கு ஆகாது என்பதெல்லாம் தெரியும். படிக்கிறவனுக்கு அதைவிட நல்ல காற்று கிடையாது.

விதி பிறந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1928-ல் ஒரு நாள் மாலை. நூலகத்தில் நடப்பதையெல்லாம் ஏதாவது சில அடிப்படைக் கொள்கைகளுக்குள் கொண்டுவர முடியாதா என்று ரங்கநாதன் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். ஐயாயிரம் நடைமுறைகளை மனப்பாடம் செய்வது ஒரு கணிதக்காரருக்கு அவமானம் மாதிரி. கிறிஸ்துவக் கல்லூரியில் அவருக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்த எட்வர்ட் ராஸ் அந்த நேரம் பார்க்க வருகிறார். சிஷ்யன் புலம்புவதைக் கேட்டுவிட்டு, நீ சொல்லவருவது புத்தகம் பயன்பாட்டுக்கு என்பதுதானே, அதுதான் உன் முதல் விதி என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். மற்ற நான்கும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தன. அதே 1928-ல் தொடங்கிய மதராஸ் நூலகச் சங்கம், 1931-ல் ஐந்து விதிகளையும் புத்தகமாகவே கொண்டுவந்தது.

அந்தப் புத்தகத்தை அதே நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். விதிகள் என்றதும் சட்டப் புத்தகம் மாதிரி இருக்கும் என்று நினைத்தால், பாதி இடங்களில் நாடகம். இரண்டாம் விதி ஆளாகவே உருவெடுத்து வந்து, பணம் இல்லை என்று கைவிரிக்கிறவர்களோடு வாதாடுகிறது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்ததில் தொடங்கி, நூலகத்தை எங்கே வைப்பது, எத்தனை மணிக்குத் திறப்பது, அலமாரி எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதுவரை இறங்கிப் பேசுகிறார். கைக்கு எட்டாத தட்டில் புத்தகம் வைத்தால் அதுவும் ஒருவகைச் சங்கிலிதான். படிக்கிறவன் வேலைக்குப் போயிருக்கும் நேரம் மட்டும் திறந்து வைத்தால் அதுவும் சங்கிலி. மூன்றாம் விதிக்கு வரும்போது, வாசகனை அடுக்குகளுக்கு நடுவே தாராளமாக நடக்க விடு என்கிறார். புத்தகம் வாய் திறந்து கூப்பிடாது. ஆகவே ஆள் அதன் பக்கமாக நடந்து போக வேண்டும். அப்போதுதான், தேடி வராத புத்தகத்தின்மேல் கண் விழும்.

எனக்கு அப்படித்தான் விழுந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

திறந்து விட்டால் மட்டும் போதாது என்பது இன்னொரு பக்கம். பூட்டிய பீரோவில் புத்தகம் எந்த வரிசையில் இருந்தால் என்ன, சாவிக்காரருக்குத் தெரிந்தால் சரி. ஆளை உள்ளே விட்டுவிட்டால் அடுக்கே வழி சொல்ல வேண்டும். அறைத்தோழன் இதைத்தான் ‘கால் நம்பர்’ என்பான். முதலில் செருப்பு அளவைத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன். புத்தக முதுகின் அடியில் வெள்ளைச் சீட்டில் எழுதியிருக்குமே, புத்தகத்தை அழைக்கிற அந்த எண்தான்.

அமெரிக்காவில் மெல்வில் டியூயி செய்த தசம முறை அப்போது எங்கும் பரவியிருந்தது. அதில் இலக்கியத்துக்கு 800. அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கிலத்துக்கு 820, ஜெர்மனுக்கு 830 என்று ஆளுக்கொரு பெரிய அறை. 880-வரை ஐரோப்பாவே உட்கார்ந்துகொள்ள, மிச்ச உலகம் மொத்தமும் 890 என்ற திண்ணையில் நெருக்கியடித்துக்கொண்டு. தமிழ் இலக்கியம் 894.811. இரண்டாயிரம் வருஷ இலக்கியத்துக்குத் தசமப் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் தள்ளி ஓர் ஓரம். டியூயி வேண்டுமென்று செய்தார் என்று சொல்ல மாட்டேன். அவர் பார்த்த நூலகங்களில் இருந்த புத்தகங்கள் அப்படி. ஆனால் மதராஸில் அடுக்க வேண்டியவருக்கு அந்தச் சட்டை பத்தாது.

லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்ததாக ரங்கநாதன் சொல்லியிருக்கிறார். ஓட்டை போட்ட தகடுகள், கம்பிகள், திருகாணிகள். அதே துண்டுகளை வைத்து ஒரு நேரம் கிரேன் செய்யலாம், இன்னொரு நேரம் வண்டி செய்யலாம். எல்லாப் பாடங்களுக்கும் முன்கூட்டியே எண் போட்டு வைப்பதற்குப் பதில், துண்டுகளை மட்டும் தயாராக வைத்துக்கொண்டு புத்தகம் வரும்போது பூட்டிக்கொண்டால் என்ன? அந்தத் திருகாணிதான் முக்காற்புள்ளி (:), ஆங்கிலத்தில் கோலன். அதனால் கோலன் பகுப்பு முறை என்று பெயர். 1933-ல் வெளியானது.

கிட்டப் போய்ப் பார்த்தால் இதன் அழகு தெரியும். பாரதியின் கவிதைத் தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிற்காலப் பதிப்பின் முறைப்படி அதற்கு ‘ஓ 31,1 எம் 82’ என்று எண் வரும். ‘ஓ’ என்றால் இலக்கியம். 31 தமிழ், 32 மலையாளம், 33 கன்னடம், 35 தெலுங்கு என்று அக்கம்பக்கத்துக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அடுத்து வரும் 1 கவிதை. 2 நாடகம், 3 புனைகதை. ‘எம்’ என்றால் 1800-கள், 82 அதில் எத்தனையாவது வருஷம் என்பது. ஆக, 1882-ல் பிறந்த தமிழ்க் கவிஞர். 1891-ல் பிறந்த பாரதிதாசனுக்கு எம் 91. ஷேக்ஸ்பியருக்கு ‘ஓ 111,2 ஜே 64’. 111 ஆங்கிலம், 2 நாடகம், ஜே 1500-கள்.

இதனால் என்ன ஆகிறது? கவிஞர்கள் அகர வரிசையில் நிற்காமல் பிறந்த வரிசையில் நிற்கிறார்கள். மூத்தவர் முதலில், இளையவர் பின்னால், பந்தியில் உட்காருகிற மாதிரி. ரேக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் இலக்கிய வரலாற்றின் ஊடாகவே நடந்துவிடலாம். பாரதியைத் தேடிப் போகிறவன் பாரதிதாசன்மேல் முட்டிக்கொள்ளாமல் திரும்ப முடியாது. கூடவே ஒரு குறையும் உண்டு. பிறந்த வருஷமே தெரியாத பழம்புலவர்களை என்ன செய்வது? சங்கப் பாடல்களின் காலத்தைப் பற்றி இரண்டு தமிழாசிரியர்களை ஒத்துக்கொள்ள வைப்பதைவிட கோலன் முறையை மனப்பாடம் செய்வது சுலபம்.

ஆரம்பப் பதிப்புகளில் எல்லாத் துண்டுகளையும் முக்காற்புள்ளி ஒன்றே பூட்டியது. பிற்பாடு துண்டுகளை ஐந்து வகையாகப் பிரித்து, ஆளுக்கொரு குறி கொடுத்தார். ஒரு பாடத்தின் மையமான ஆள் அல்லது விஷயம், அது எதனால் ஆனது, அதற்கு என்ன நடக்கிறது, எந்த இடத்தில், எந்தக் காலத்தில். இதைப் படித்தபோது தொல்காப்பியம் ஞாபகம் வந்தது. அங்கே நிலமும் பொழுதும்தான் முதற்பொருள், மற்றதெல்லாம் அப்புறம். ரங்கநாதனிடம் இடமும் காலமும் கடைசியில். கணிதக்காரருக்கும் கவிதைக்காரருக்கும் உள்ள வித்தியாசமோ என்னவோ. அறைத்தோழனிடம் சொன்னேன், “இதெல்லாம் பரீட்சையில கேக்க மாட்டான்” என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஓர் ஆசாமி இப்படி ஒன்றைக் கட்டி எழுப்ப எவ்வளவு நேரம் உழைத்திருக்க வேண்டும்? இருபது வருஷம் லீவே எடுக்காமல் வேலை பார்த்தார் என்பார்கள். கல்யாணத்தன்று தாலி கட்டிவிட்டு மதியம் நூலகத்துக்கு வந்துவிட்டார் என்றும் ஒரு கதை. இதைப் பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். கல்யாணப் பெண்ணை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து நூலகவியலில் ஓர் இருக்கை ஏற்படுத்தியபோது, அதற்கு மனைவி சாரதாவின் பெயரைத்தான் முன்னால் வைத்தார். 1950-களில் ஒரு லட்சம்.

விதிகள் சேப்பாக்கத்தைத் தாண்டி எங்கெல்லாம் போயின என்பது தனிக் கதை. 1931-ல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். 1948-ல் மதராஸ் மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். இன்றைக்கும் சொத்துவரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கிறதல்லவா, அதன் வேர் அங்கே. ரசீதை வாங்கி மடித்துப் பையில் வைக்கிறோம், அந்த வரியில் நடக்கும் கிளை நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று நிறையப் பேருக்குத் தெரியாது.

சரி, சேகரிப்புக்கு வருவோம். நான் படித்த காலத்தில் அதே கட்டடத்தில் அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் இருந்தது. பிற்பாடு கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விட்டது. நிர்வாகம் வேறு, வாசல் வேறு. என் போன்றவர்களுக்கு அது மேல் வீடு, கீழ் வீடு மாதிரி. 70,000-க்கும் மேற்பட்ட சுவடிகள். ஓலையும் தாளும் சேர்த்து. தமிழ், சமஸ்கிருதம், தெலுங்கு, கன்னடம், மராத்தி, அரபு, பாரசீகம். அடிப்படை போட்டவர்களில் முக்கியமானவர் காலின் மெக்கன்சி, இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர். நிலத்தை அளக்க வந்த ராணுவ அதிகாரி, போகிற ஊரிலெல்லாம் கல்வெட்டையும் கதையையும் வம்சாவளியையும் எழுதி வாங்கினார். எழுதி வாங்கினார் என்றால் அவர் எழுதவில்லை. காவலி வேங்கட போரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா போன்ற உதவியாளர்கள் ஊர் ஊராகப் போய்க் கர்ணம், பூசாரி, பழைய பாளையக்காரர் குடும்பம் என்று காத்துக்கிடந்து வாங்கியவை கைபீதுகள் என்ற அந்த ஊர் வரலாறுகள். சேகரிப்புக்குப் பெயர் மெக்கன்சி. 1821-ல் அவர் இறந்த பிறகு, அவர் மனைவியிடமிருந்து அரசாங்கம் அதை விலைக்கு வாங்கியது. ஒரு பகுதி லண்டனுக்குக் கப்பலேற, ஒரு பகுதி மதராஸுக்கு வந்தது. லண்டன் அலமாரியில் கிடந்த வேறொரு சுவடித் தொகுப்பை சி.பி.பிரவுன் என்ற தெலுங்கு அறிஞர் கண்டுபிடித்து, இது இங்கே யாருக்குப் பயன் என்று கேட்டு மதராஸுக்கே திருப்பி அனுப்பச் செய்தார். முதல் விதி எழுதப்படுவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் அதைக் கடைப்பிடித்தவர்.

ஒரே ஒரு தடவை அங்கே ஓலைக்கட்டு ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். மேலும் கீழும் மரப்பலகை, நடுத் துளையில் கயிறு. சுத்தம் செய்துகொண்டிருந்தவர் புல்தைலத்தில் துணியை நனைத்து ஓலையில் மெல்ல ஓட்டினார். பிறகு கரியைத் தடவித் துடைத்தார். அதுவரை வெறும் கீறலாகத் தெரிந்த இடத்தில் எழுத்து எழுந்து வந்தது. புள்ளி வைக்காத மெய், கால் வாங்காத நெடில். ஒரு வரியைக் கூட்டி வாசிக்கப் பத்து நிமிஷம் ஆனது எனக்கு. எலுமிச்சை வாசனை இரவு வரை விரலில் இருந்தது.

நூலகத்தின் ஆகப் பெரிய சொத்து என்று என்னைக் கேட்டால், மூன்று நோட்டுப் புத்தகங்கள். ராமானுஜனுடையவை.

ராமானுஜன் குடும்பம் குடியிருந்தது திருவல்லிக்கேணி அனுமந்தராயன் கோயில் பக்கம், என் மேன்ஷனிலிருந்து நடக்கிற தூரம். துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவரை, 1913-ல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்து ஆய்வு மாணவராக எடுத்துக்கொண்டது இந்தப் பல்கலைக்கழகம்தான். 3,000-க்கும் மேற்பட்ட கணித முடிவுகள் அந்த நோட்டுகளில் இருக்கின்றன, பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் கிடையாது. தாள் வாங்கக் காசில்லாமல் பலகையில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் குறித்தவர் அவர்.

அசலைப் பார்க்க எனக்கு அருகதை இல்லை, கேட்கவும் இல்லை. பார்த்தது 1957-ல் மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனம் அச்சிட்ட நகல் பதிப்பை. இரண்டு கனமான தொகுதிகள். உரை இல்லை, குறிப்பு இல்லை. அவர் கையெழுத்தை அப்படியே படமெடுத்துப் போட்டிருந்தார்கள். எனக்கு ஒரு வரியும் புரியவில்லை. ஆனால் அடித்தல் திருத்தலே இல்லாமல் ஓடும் அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மத்தியானம் போனது. அசலைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் சாவிக்கொத்தின் பக்கம். ஆனால் நகல் வெளியே போனது. போனதால்தான் புரூஸ் பெர்ண்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் உட்கார்ந்து ஒவ்வொரு முடிவாக நிரூபித்து, 1985 முதல் 1998 வரை ஐந்து பாகமாகக் கொண்டுவர முடிந்தது.

இதற்கு நேர் எதிரான கதையும் ராமானுஜனுடையதே. 1920-ல் அவர் காலமான பிறகு, கடைசி வருஷத்தில் எழுதிய தாள்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்தன. 1923-ல் பதிவாளர் டியூஸ்பரி அவற்றை, ராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைத்த கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு அனுப்பினார், அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தார் அவர். ரங்கநாதன் வேலையில் சேர ஒரு வருஷம்கூட இல்லை. ஹார்டியிடமிருந்து வாட்சன் என்ற கணிதப் பேராசிரியருக்குப் போனது. 1965-ல் வாட்சன் இறந்தபோது அவர் அறையில் குவிந்துகிடந்த காகிதங்களுக்கு நடுவே கிடந்தது. கொளுத்தப்படாமல் தப்பி 1968-ல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கேயும் பெட்டிக்குள். 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் வேறு எதையோ பார்க்கப் போனவர், பெட்டியைத் திறந்து, கையெழுத்தைப் பார்த்து அதிர்ந்தார். 138 பக்கம், 600-க்கும் மேற்பட்ட சூத்திரங்கள். ‘தொலைந்த நோட்டு’ என்று பெயர் வந்துவிட்டது. தொலையவெல்லாம் இல்லை. யாராவது வந்து திறக்கும்வரை பெட்டியில் இருந்தது, அவ்வளவுதான். ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாள் அந்த ஐம்பத்துச் சொச்ச வருஷமும் விதவைக் கோலத்தில், அதில் பெரும்பகுதி திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்துக்கொண்டு இருந்தார். 1994-ல் காலமானார். நான் திருவல்லிக்கேணிக்குக் குடிவந்தது மூன்று வருஷம் பிந்தி.

மூன்றாம் விதிக்கு இதைவிட உதாரணம் வேண்டாம் என்று அறைத்தோழனிடம் சொன்னேன். இதை அவன் பரீட்சையில் எழுதினான். மார்க் என்ன வந்தது என்று கேட்க மறந்துவிட்டேன்.

என் விஷயத்துக்கு வருகிறேன். கமலைக் கிணறு பற்றித் தேடிப் போன ரேக்கில் நான் தேடியது இல்லை. அதற்குப் பக்கத்தில், அட்டை பிய்ந்து நாடா போட்டுக் கட்டிய ஒல்லியான ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. கிணற்றுப் பாசனம் பற்றி யாரோ ஓர் அதிகாரி எழுதியது. பட்டியலில் பார்த்திருந்தால் எடுத்திருக்க மாட்டேன், தலைப்பு அப்படி. திறந்தால் கமலையைத் துண்டு துண்டாகப் பிரித்து வரைந்த படங்கள். மாடு பின்னால் வரும் சரிவு எத்தனை அடி, தண்ணீர் மொள்ளும் சால் எத்தனை காலன் கொள்ளும், ஒரு ஜோடி மாடு காலையிலிருந்து உச்சிவரை எவ்வளவு நிலம் நனைக்கும். எங்கள் தாத்தா கமலை ஓட்டியவர். அவர் பாட்டாகச் சொன்னதையெல்லாம் இவர் கணக்காக எழுதியிருந்தார். என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் முழுக்க அந்தப் புத்தகத்தின் தயவு.

கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு. நீல மையில் முத்திரைகள். கடைசித் தேதி 1961 என்றிருந்தது. அதன் கீழே எனக்காக 1998 பிப்ரவரியில் ஒன்று குத்தினார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடம்கூட இல்லை.

படத்தில் ஓர் இடத்தில் மெல்லிய கயிறு ஒன்றைக் காட்டி ஆசிரியர் ஆங்கிலத்தில் சின்னக் கயிறு என்று எழுதியிருந்தார். அதன்மேல் பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில் தமிழில், கோணல்மாணலாக, ‘வால்கயிறு’. வேறெந்தப் பக்கத்திலும் ஒரு கிறுக்கல் இல்லை. 1961-க்காரரோ, அதற்கும் முந்தியவரோ. கமலை பார்த்த ஆள் என்பது மட்டும் நிச்சயம்.

நான்கு வருஷம் முன்பு வேறொரு வேலையாகச் சேப்பாக்கம் போனபோது உள்ளே நுழைந்து, அதே ரேக்குக்குப் போனேன். புத்தகம் இருந்தது. அட்டையை மாற்றி பைண்ட் செய்து, பார்கோடு ஒட்டியிருந்தார்கள். தேதிச் சீட்டில் என் முத்திரைதான் கடைசி. இப்போது முத்திரை குத்துவதில்லை, எல்லாம் கம்ப்யூட்டரில் என்றார் அங்கே இருந்த பெண். எனக்கப்புறம் யாராவது எடுத்தார்களா என்று அந்தச் சீட்டை வைத்துச் சொல்ல வழியில்லை. படம் இருந்த பக்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். பென்சில் கொஞ்சம் மங்கியிருந்தது. வால்கயிறு வாசிக்கிற மாதிரியே இருந்தது.